மருமவன் ஒலிவந்தோப்பு வைக்கப் போறான்

வா மருமவனே, வா. அந்தக் கயித்துக் கட்டில்லயே உக்காரு. பெங்களூரு கால்சட்டை அழுக்காயிரும்னு பாக்காத. தாசில்தாரே இந்தக் கட்டில்ல உக்காந்து மோர் குடிச்சிருக்காரு.

கையில என்னது, பாட்டிலா? ஆலிவ் எண்ணெயா? மாமாவுக்கா? ரொம்ப சந்தோசம். போன பொங்கலுக்கு ஒண்ணு கொடுத்தியே, அது நல்லா வேலை செஞ்சுது கேட்டியா. முன்னெல்லாம் நீ வந்தா தூத்துக்குடி மக்ரூன் பொட்டலத்தோட வருவ. இப்ப பாட்டிலோட வருதன்னா காரியம் பெருசுன்னு அர்த்தம். சொல்ல வேண்டாம், உங்கம்மா நேத்தே போன் போட்டு அழுதுட்டா. நம்ம தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டையில உங்கப்பா விட்டுட்டுப் போன அஞ்சு ஏக்கர்ல ஒலிவ மரம் வைக்கப் போற. அதுக்குக் கிணத்துல என் முறைத் தண்ணியும் வேணும். சரிதானே?

தாரேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. மொதல்ல கொஞ்சம் பேசுவோம். தண்ணி எங்கயும் ஓடிராது. ஓடுற அளவுக்குக் கிணத்துல தண்ணியும் இல்ல.

ஒலிவத்துக்கு நம்ம பக்கத்துல மட்டும் எத்தனை பேருன்னு நெனைச்சுப் பாத்தியா? வேதக்காரங்க ஒலிவம்பாங்க. ஒலிவமலை, கெத்செமனேன்னு சாயர்புரம் பள்ளிக்கூடத்துல படிச்ச பயலுவளுக்கெல்லாம் மனப்பாடம். கெத்செமனேன்னா எண்ணெய்ச் செக்குன்னு அர்த்தமாம், உபதேசியார் சொன்னாரு. காயல்பட்டினத்துக்காரங்களுக்கு அது ஜைத்தூன். குர்ஆன்ல ஒரு அத்தியாயமே அத்தி மேலயும் ஜைத்தூன் மேலயும் ஆணையிட்டுத்தான் தொடங்குது. சூப்பர் மார்க்கெட்டுல அதுவே ஆலிவ். ஆக மொத்தம் பேரு மூணு. காய்ச்ச மரம்? எனக்குத் தெரிஞ்சு இந்தச் சுத்துவட்டாரத்துல ஒண்ணுகூட இல்ல. கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னால மூணு பட்டம் போட்டுட்டு, மாப்பிள்ளை வேலை வெட்டி இல்லாம இருக்கிற கதைதான்.

கொஞ்சம் யோசி. காயல்பட்டினத்துக்காரங்க கொழும்புல கடை வச்சாங்க, ஹாங்காங்குல கடை வச்சாங்க. கடற்கரைக்காரங்க நானூறு, ஐநூறு வருசமா வேதத்துல இருக்காங்க. இவங்களுக்கு ஒலிவத்து மேல உன்னை விடவா ஆசை குறைச்சல்? இருந்தும் குருத்தோலை ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுறாங்க? வெளிநாட்டுல சில ஊருல அன்னைக்கு ஒலிவக் கிளையைப் பிடிப்பாங்க. நம்மாளு தென்னங்குருத்தைக் கிழிச்சுச் சிலுவை முடைஞ்சிட்டுப் போறான். சாமியே ஒத்துக்கிட்ட மாற்று ஏற்பாடு அது. உனக்கு மட்டும் ஒத்துக்கிட முடியல.

என்ன, மாமாவுக்கு ஒலிவத்தைப் பத்தி என்ன தெரியும்னு பாக்குதியா? ஏல, இருபத்திரண்டு வருசம் கப்பல்ல சமையல்காரனா இருந்தவன் நான். கிரேக்க தேசத்துல ஒரு துறைமுகத்துல சரக்கு எறக்க வாரக்கணக்கா நின்னோம். தை மாசம். கடைக்குப் போற வழியில ரோட்டோரமா ஒரு மரம், கருகருன்னு காய். நாவப்பழம்னு நெனைச்சு ரெண்டைப் பறிச்சு வாயில போட்டேன். ஐயோ! வேப்பங்காயும் எட்டிக்காயும் சேந்து சம்பந்தம் பேசின மாதிரி ஒரு கசப்பு. அந்தக் கசப்புக்கு ஒலியூரோபின்னு பேராம், பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். மரத்துல பறிச்ச காயை அப்படியே தின்ன முடியாது. உப்புத் தண்ணியில மாசக்கணக்குல ஊறணும், இல்ல காஸ்டிக் சோடாக் காரத்துல போட்டுக் கசப்பை எடுக்கணும். அப்புறந்தான் உன் பீட்சா மேல ஏறி உக்காரும்.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிடுதேன். ஊற வைக்க உப்புக்கு நமக்குப் பஞ்சமே இல்ல. குஜராத்தை விட்டா உப்புக்கு நம்ம தூத்துக்குடிதான். ஊறுகாய்க்குப் பாதிச் சரக்கு கையில இருக்கு. மீதிப் பாதி காய்தான். அது வாரதுக்குத்தான் வழி தெரியல.

ஏன் வராதுங்கிறதைக் கேட்டுக்கோ. அந்தக் காயைத் தின்னு துப்பின அன்னைக்கு நான் ரெண்டு சட்டை போட்டு, அதுக்கு மேல கோட்டு போட்டு, அப்பவும் பல்லு கிடுகிடுன்னு ஆடிச்சு. அந்தக் குளிருதான் விசயம். ஒலிவம் ஒரு தினுசான மரம். வெயிலைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், கொஞ்சம் உப்புத் தண்ணியைக்கூடத் தாங்கும். இதை மட்டும் கேட்டுட்டு நீ நம்ம ஊருக்குன்னே படைச்ச மரம்னு துள்ளுத. ஆனா பூ விடணும்னா அதுக்குக் குளிர்காலம் வேணும். ஏழு டிகிரிக்குக் கீழ இருநூறு, முந்நூறு மணி நேரமாவது இருக்கணும்னு பழைய கணக்கு. ரகத்துக்கு ரகம் கூடும், குறையும். ராத்திரி நல்ல குளிரு, பகல்ல இளம் வெயிலுன்னு சில வாரம் போனாத்தான் மொட்டு பூவா மாறும். இல்லைன்னா அதே கண்ணு இலையாவே போயிரும். மரம் சாகாது, பயப்படாத. வெள்ளிப் பச்சையா மினுமினுன்னு வளந்து நிக்கும். நீ பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிடலாம். அம்பது வருசம் கழிச்சு உன் பேரனும் எடுத்துக்கிடலாம். காய் மட்டும் கேக்கக் கூடாது.

நம்ம ஊருல மார்கழி ராத்திரியிலகூட இருபது டிகிரிக்குக் கீழ எறங்குறது அபூர்வம். தூத்துக்குடியில பனின்னா அது பனிமய மாதா ஒருத்திதான். அவ திருவிழாவும் ஆகஸ்ட் அஞ்சாந் தேதி. ரோம் நகரத்துல ஆகஸ்ட் மாசத்துல பனி பெஞ்ச புதுமையை வச்சுத்தான் அவளுக்கு அந்தப் பேரே வந்ததுன்னு சொல்லுவாங்க. அந்தப் புதுமை நம்ம புதுக்கோட்டையிலயும் வருசா வருசம், அதுவும் முந்நூறு மணி நேரம் நடக்கணும்னு நேந்துக்கோ. தங்கத்தேர் வடம் பிடிக்க நானும் வாரேன்.

என்ன, ராஜஸ்தானா? நீ ராஜஸ்தானை இழுப்பன்னு தெரியும். உங்க அத்தையோட அண்ணன் மவன் ராணுவத்துல பிகானேர்ல இருந்தான். அவன் வாயால கேட்டிருக்கேன், பேப்பர்லயும் படிச்சிருக்கேன். நெசந்தான், அங்க வச்சாங்க. 2007ல அதுக்குன்னே அரசாங்கப் பங்கோட ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. இஸ்ரேல்ல இருந்து ஒரு லட்சத்துக்கு மேல கன்னு கொண்டு வந்து, 2008ல இருந்து ஏழு அரசாங்கப் பண்ணையில 182 ஹெக்டேர்ல நட்டாங்க. ஏழெட்டு ரகம் வச்சுப் பாத்ததுல பார்னியா, அர்பெக்கினா, கொரோனெய்கி மாதிரி சிலதுதான் தேறிச்சு. 2014ல பிகானேர் பக்கத்துல லூன்கரன்சர்ங்கிற ஊருல எண்ணெய் ஆலையும் திறந்தாச்சு. எல்லாம் சரி. ஆனா ராஜஸ்தான்னதும் உனக்கு மணலும் ஒட்டகமுந்தான் கண்ணுல படுது. தை மாசத்து ராத்திரி அங்க ரெண்டு கம்பளி போத்திக்கிட்டுப் படுத்தாலும் மூக்கு உறைஞ்சு போகும்னு அந்தப் பய சொல்லுவான். அந்தக் குளிரை நீ பாக்கல. பொண்ணோட நகையைப் பாத்துட்டுக் கழுத்தைப் பாக்காம வந்தவன் கதைதான் உன் கதை.

இன்னொண்ணும் சொல்லுதேன். அரசாங்கம், இஸ்ரேல் நிபுணர், சொட்டு நீர்னு அத்தனையும் இருந்தும், கொஞ்ச காலத்துல ஒலிவ இலையைக் காயப்போட்டு டீன்னு விக்கவும் ஆரம்பிச்சாங்க. டீ நல்லாத்தான் இருக்குமாம். ஆனா காய்க்குன்னு வச்ச மரத்துல இலையையும் விக்க ஒருத்தன் கிளம்பினா, கணக்குப் புத்தகத்துல எங்கயோ ஒரு வரி இடிக்குதுன்னு புரிஞ்சுக்கிடணும். அங்கயே அப்படின்னா, இங்க உனக்கு டீக்கடை நிச்சயம்.

சரி, அடம் பிடிக்குத. உங்கப்பன் ரத்தம், வேற எப்படி இருக்கும்? கன்னு விக்கிறவன்கிட்ட முன்பணம் கொடுக்குறதுக்கு முன்னால சில கேள்வி கேளு.

என்ன ரகம்னு கேளு. வெறுமனே ஆலிவ்னு சொல்லி விக்கிறவன், நெல்லுன்னு மட்டும் சொல்லி விதை விக்கிறவன் மாதிரி. எண்ணெய்க்கு ஒண்ணு, ஊறுகாய்க்கு ஒண்ணு, ரெண்டுக்கும் ஆகுறது ஒண்ணுன்னு நூத்துக்கணக்குல ரகம் இருக்கு. அர்பெக்கினா ஸ்பெயின்காரன், காய் சின்னது, எண்ணெய்க்கு நல்லது, மூணு நாலு வருசத்துலயே காய்க்கத் தொடங்கும். கொரோனெய்கி கிரேக்கத்துக்காரன், அதுவும் எண்ணெய்க்குத்தான். பிக்குவல்தான் ஸ்பெயின்ல ஹாயென் பக்கத்து மலையெல்லாம் நிக்குறது. விதை போட்டு முளைச்ச கன்னா, குச்சி வச்சு வேர் விட்ட கன்னான்னும் கேளு. விதைக் கன்னு தாய் மாதிரி இருக்காது, காய்க்கவும் காலம் ஆகும். அவன் பதில் சொல்லாம டிஸ்கவுண்டைப் பத்திப் பேசினான்னா, எந்திரிச்சு வந்துரு.

ஜோடி இருக்கான்னு கேளு. பனையில ஆண் மரமான அலகு தனி, பெண் மரமான பருவம் தனி. அலகுப்பனையை மட்டும் வச்சிட்டு நுங்குக்கு உக்காந்திருந்தா ஊரே சிரிக்கும். ஒலிவத்துல ஒரே பூவுல ஆணும் பெண்ணும் இருக்கும். ஆனாலும் பல ரகத்துக்குத் தன் மகரந்தம் தனக்குச் சரியா ஒட்டாது, பக்கத்துல வேற ரகம் வேணும். மகரந்தத்தைக் கொண்டு போறது தேனீ இல்ல, காத்து. நம்ம ஊருக் காத்துதான் உனக்குத் தெரியுமே. ஆடி மாசத்துல விட்டா உன் தோப்பு மகரந்தத்தைக் கொழும்பு வரைக்கும் கொண்டு போய்ச் சேத்துரும்.

அடுத்தது நெலம். ஒலிவத்துக்கு வேருல தண்ணி நிக்கக் கூடாது. உன் அஞ்சு ஏக்கர்ல கீழ்ப்பக்கம் ரெண்டு ஏக்கர் கரிசல். மழை பெஞ்சா மாட்டுக் குளம்பு எறங்குற எடத்துல தண்ணி ஒரு வாரம் நிக்கும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சே, மறந்துட்டியா? அன்னைக்கு உன் நெலத்துல ஒலிவம் இருந்திருந்தா அது குளத்து மரமாத்தான் நின்னிருக்கும். அது மட்டுமா? உங்கப்பா அந்தக் கரிசல்ல வருசா வருசம் என்ன போட்டாரு? பருத்தி. ஊடுபயிரா கத்திரி. பருத்தி, கத்திரி, தக்காளிக்கெல்லாம் வர்ற ஒரு வாடல் நோய் இருக்கு, வெர்டிசிலியம்னு பேரு. மண்ணுல கெடக்குற பூசணம். வருசக்கணக்கா உசுரோட கெடக்கும். ஒலிவத்துக்கும் அதே எமன்தான். அந்தப் பயிரு போட்ட மண்ணுல ஒலிவம் வைக்காதேன்னு ஒலிவம் வளர்க்கிற நாட்டு விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்குற மொதப் பாடமே அதுதான்.

கடைசிக் கேள்வி செக்கு. எல்லாம் உன் நேர்த்திக்கடன்ல நடந்து, மரம் காய்ச்சுதுன்னே வச்சுக்கோ. ஒரு வருசம் குலுங்கக் காய்ச்சா மறுவருசம் படுத்துக்கும், அது அந்த மரத்துக் குணம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு அஞ்சாறு கிலோ காய் வேணும். பறிச்ச காயை ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள ஆட்டிரணும், இல்லைன்னா உள்ளயே புளிச்சு எண்ணெய் கெட்டுரும். எள்ளு மாதிரி மூட்டை கட்டி மச்சுல போட முடியாது. நம்ம மரச்செக்குலயும் ஆட்ட முடியாது. அது விதையில்ல, ஈரமான பழம். லூன்கரன்சர் ஆலைக்கு லாரி ஏத்தி விட்டேன்னா போய்ச் சேருதது எண்ணெய்க் காயா இருக்காது, ஊறின காடியா இருக்கும்.

சிரிக்காத. எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா, நானும் ஒரு காலத்துல உன்னை மாதிரி பாட்டிலைப் பாத்து மரத்தை வச்சவன்தான். நீ அப்ப அரைக்கால் சட்டை. காட்டாமணக்குல இருந்து டீசல் எடுக்கலாம்னு நாடே கூத்தாடிச்சு. ரெண்டு ஏக்கர் வச்சேன். விதையை வாங்கிக்கிடுதோம்னு காகிதத்துல கையெழுத்து போட்டுக் கொடுத்தவன் போன் மூணாவது வருசத்தோட நின்னு போச்சு. டீசல் வரல. ஆடுகூட அதைத் திங்கல. அப்புறம் ஈமு கோழி வந்துச்சு. அதுக்குள்ள எனக்குப் புத்தி வந்திருச்சு, உங்க சித்தப்பாவுக்கு வரல. ஆறு கோழியும் அதுக்குத் தீனி வாங்கின கடனும் மிஞ்சிச்சு. இந்த எல்லாக் கதைக்கும் அடிவேரு ஒண்ணுதான் மருமவனே. விலைச் சீட்டைப் பாத்தோம், நெலத்தைக் கேக்கல.

இந்த ஊருக்காரனுக்கு இதுகூடத் தெரியலைன்னாத்தான் வெக்கம். முத்துக்குளிப்பு எப்படி நடந்துச்சுன்னு உங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கியா? கடைசியா இங்க பெரிய குளிப்பு நடந்தது 1961ல. நான் அப்ப சின்னப் பய. கடலடிப் பாருல சிப்பி கெடக்குன்னு தெரிஞ்ச உடனே அம்பது தோணியை அனுப்பிர மாட்டாங்க. மொதல்ல கொஞ்சம் மாதிரிச் சிப்பி எடுப்பாங்க. அதை அழுக விட்டு, கழுவி, கெடைச்ச முத்தைச் சல்லடையில சலிச்சு, தரம் பிரிச்சு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும்னு மதிப்பு போடுவாங்க. அது தேறினாத்தான் குளிப்பு. தேறலைன்னா சிப்பியை அப்படியே கடல்ல விட்டுட்டு அடுத்த வருசம் பாப்பாங்க. சில சமயம் பல வருசத்துக்குக் குளிப்பே கெடையாது. கரையில நின்னு திறக்காத சிப்பியைக் குவியல் குவியலா ஏலம் எடுத்தவனும் உண்டு. அவன்ல சிலபேரு சொத்து சேத்தான், பலபேரு நாத்தத்தோட வீட்டுக்குப் போனான். நீ இப்ப இருநூறு கன்னுக்குப் பணம் கட்டப் போறது திறக்காத சிப்பி ஏலம்.

அதனால மாமா சொல்லுதேன், மாதிரிச் சிப்பி எடு. நாலே நாலு கன்னு வாங்கு. குளிரு குறைச்சலாக் கேக்குற ரகம்னு சொல்லுற அர்பெக்கினாவுல ரெண்டு, கொரோனெய்கியில ரெண்டு. கரிசல் பக்கம் போகாத, மேட்டுல செவல்ல வை. பாத்தி கட்டித் தண்ணி தேக்காத, வேரு மூச்சு முட்டும். ஏழு வருசம் பொறுத்திரு. ஒரு பூ பூத்தா என்னைக் கூப்பிடு, வெடி போடுவோம். பூக்கலைன்னா நஷ்டம் நாலு கன்னு. உங்கம்மா அழ மாட்டா.

மீதி நெலத்துக்கா? ஒலிவத்தோட சொந்தக்காரன்தான் வேணும்னா மல்லிகை வை. சிரிக்காதலே, நெசமாத்தான். மல்லி, பிச்சி, பவளமல்லி எல்லாம் ஒலிவத்தோட ஒரே குடும்பம்னு தாவரம் படிச்சவங்க எழுதி வச்சிருக்காங்க. உங்க அத்தை இத்தனை வருசமா ஒலிவத்தோட ஒண்ணுவிட்ட தங்கச்சியைத்தான் தலையில வச்சிருக்கா. அவளுக்கு அது தெரியாது, சொல்லிராத, விலை கேப்பா.

இல்ல எண்ணெய்தான் வேணும்னா முருங்கை. வச்ச ஆறேழு மாசத்துல காய்க்கும். பெரியகுளத்துல உண்டாக்கின பி.கே.எம்.1 ரகம் ஊரெல்லாம் இருக்கு. செவல்ல நிக்கும், வெயில்ல நிக்கும், பனி கேக்காது. முத்தின விதையில எண்ணெய் இருக்கு. ஆலிவ் எண்ணெய்ல எந்த அமிலம் இருக்குன்னு பாட்டில்ல பெருமையா எழுதுறானோ, அந்த ஓலிக் அமிலம் முருங்கை விதை எண்ணெய்லயும் நூத்துக்கு எழுவது பங்கு வாக்குல இருக்கு. பழைய காலத்துல வெளிநாட்டுல கடியாரம் ரிப்பேர் பாக்குறவன் அந்த எண்ணெயத்தான் தேடி வாங்குவானாம், சீக்கிரத்துல சிக்கு பிடிக்காதுன்னு. விக்கிறதுக்கு நீ அலையணும், அது வேற கதை. ஆனா எண்ணெய் விக்கலைன்னா காய் இருக்கு, காய் விக்கலைன்னா கீரை இருக்கு. ஒலிவத்துல எண்ணெய் இல்லைன்னா டீதான்.

வரப்புல பனங்கொட்டையைப் போட்டு வை. நீ அதுல பதநி குடிக்கப் போறதில்ல, பதினஞ்சு இருவது வருசம் ஆகும். உன் மவன் குடிப்பான். உங்க தாத்தா போட்ட கொட்டையில இருந்துதான் நீ சின்ன வயசுல நுங்கு தின்ன. அன்னைக்கு அவரு பாட்டிலைப் பாத்துத் தீர்மானம் பண்ணியிருந்தாருன்னா உனக்கு நுங்கு கெடைச்சிருக்காது.

முகத்தை ஏன் தொங்கப் போடுத? இந்தா மோரைக் குடி. தண்ணி கேட்டியே, தாரேன். என் முறையில பாதி உனக்கு. ஆனா முருங்கைக்குத்தான். அந்த நாலு ஒலிவத்துக்குத் தண்ணி நீயே கொடத்துல சுமந்து ஊத்து. அப்பத்தான் ஆசை எவ்வளவு கனம்னு தோளுக்குத் தெரியும்.

போன பாட்டில் எப்படி வேலை செஞ்சுதுன்னு கேக்கவே இல்லையே? அடுப்படியில ஒரு சொட்டு ஊத்தல. தாளிச்சா ரசத்துல வெளிநாட்டு வாசனை வருதுன்னு உங்க அத்தை தொடவே மாட்டேன்னுட்டா. பாதி அவ முழங்காலுக்குப் போச்சு, பாதி அந்தத் தொழுவக் கதவு கீலுக்குப் போச்சு. ரெண்டும் இப்ப சத்தம் போடாம மடங்குது. உன் அஞ்சு ஏக்கர் எண்ணெய்க்கு இந்தத் தெருவுல உள்ள கிராக்கி அவ்வளவுதான் மருமவனே, ஒரு முழங்காலும் ஒரு கதவும்.

சரி, எந்திரி. மேட்டுச் செவலுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவோம். நாலு குழி நேத்தே வெட்டிப் போட்டிருக்கேன், ஆழம் போதுமான்னு பாரு.